சுற்றளவும் பரப்பளவும்: தரையில் உட்கார்ந்து பழக்க ஒரு முழு வழிகாட்டி

நீளம் 8, அகலம் 5 என்று ஒரு செவ்வகத்தை வரைந்து கொடுத்தால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 26, 40 என்று இரண்டு விடையையும் சரியாகப் போட்டுவிடுவார்கள். அதே பிள்ளையிடம், "இந்த இடத்தைச் சுற்றி வேலி போட 26 வேண்டுமா, 40 வேண்டுமா? தரை முழுக்கக் கல் பதிக்க எது வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பேனா நின்றுவிடும். கணக்கு கைக்கு வந்திருக்கிறது, ஆனால் அது எதைப் பற்றிய கணக்கு என்பது வரவில்லை.

இதற்குக் காரணம் பிள்ளையின் மந்தம் அல்ல. ஒரே வாரத்தில், ஒரே படத்தில், அதே இரண்டு எண்களை வைத்து இரண்டு பாடத்தையும் நடத்திவிடுகிறோம். ஒன்றில் கூட்டு, மற்றொன்றில் பெருக்கு. பிள்ளையின் கண்ணுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்தக் குறி மட்டும்தான். பத்து நாள் கழிந்ததும் எதற்குக் கூட்டினோம், எதற்குப் பெருக்கினோம் என்பது மறந்துபோகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே முறையைத்தான் பின்பற்றுகிறது. சுற்றளவைத் தனியாகக் கையால் செய்ய வேண்டும். பரப்பளவைத் தனியாகக் கையால் செய்ய வேண்டும். இரண்டும் நிலைத்த பிறகே ஒரே வடிவத்தில் இரண்டையும் கேட்க வேண்டும். சூத்திரத்தை நாம் சொல்லக் கூடாது, பிள்ளையே கண்டு சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

தமிழில் இதற்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. பெயரிலேயே பொருள் இருக்கிறது. சுற்றி வரும் அளவு சுற்றளவு. பரப்பி நிரப்பும் அளவு பரப்பளவு. முற்றத்தில் நெல்லைப் பரப்புகிறோம், வற்றலைப் பரப்புகிறோம், வடகம் போடப் பாயை விரித்துப் பரப்புகிறோம். கோயிலைச் சுற்றுகிறோம், ஊரணிக் கரையைச் சுற்றி நடக்கிறோம். முதல் நாளே இந்த இரண்டு வினைச்சொற்களையும் பிள்ளையின் வாயில் போட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செட்டிநாட்டில் இன்னொரு வசதியும் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளின் ஆத்தங்குடிக் கல் தரையே பெரிய கட்டத்தாள்தான். அந்தக் கல் செய்யும் முறையிலும் பாடம் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் ஓர் உலோகச் சட்டம் வைத்து, அதற்குள் வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். பின்னால் மணலும் சிமெண்டும் சேர்ந்த கலவையால் நிரப்பி, காயவிட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள். சட்டம் போகிற நீளம் சுற்றளவு. சட்டத்துக்குள் வண்ணம் பரவுகிற இடம் பரப்பளவு. பட்டறையைப் பார்க்க வாய்ப்பிருந்தால் பிள்ளையை ஒருமுறை கூட்டிப் போங்கள். வீட்டில் ஆத்தங்குடிக் கல் இல்லாவிட்டாலும் குறையில்லை. மொசைக், டைல்ஸ், வெறும் சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் கோடு, எதுவும் போதும்.

தொடங்குமுன் பார்க்க வேண்டியவை

பிள்ளைக்கு மூன்று வேலை தெரிந்திருக்க வேண்டும்: ஸ்கேலால் அளப்பது, இரண்டிலக்க எண்களைக் கூட்டுவது, 10 வரை வாய்ப்பாடு. வாய்ப்பாடு தடுமாறினாலும் முதல் நான்கு படிகளைச் செய்யலாம். ஆனால் ஸ்கேலில் அளக்கத் தெரியாமல் தொடங்கக் கூடாது. 0-இல் தொடங்காமல் 1-இல் தொடங்கும் பிள்ளை ஒவ்வொரு பக்கத்திலும் 1 செ.மீ. கூட்டிச் சொல்லும். செவ்வகத்தில் நான்கு பக்கம் சேர்ந்து 4 செ.மீ. பிழை. அப்புறம் கருத்துப் புரியவில்லையா, அளவு தவறா என்று நமக்கே தெரியாமல் போகும். சில மர ஸ்கேல்களில் விளிம்பில் சிறிது இடம் விட்டுத்தான் 0 தொடங்கும், அதையும் காட்டிவிடுங்கள்.

தேவையான பொருட்கள் எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும்.

ஈர்க்குச்சி 40. புதுத் தென்னை விளக்குமாற்றிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றும் சரியாக 5 செ.மீ. இருக்கும்படி நறுக்குங்கள். ஒரு குச்சியை அளந்து நறுக்கி, மற்ற எல்லாவற்றையும் அதே குச்சியோடு வைத்து நறுக்க வேண்டும். போன குச்சியோடு அடுத்ததை வைத்து, அதோடு அடுத்ததை வைத்து என்று போனால் நீளம் மெல்ல மெல்ல வளர்ந்துவிடும்.

சதுர அட்டை 40. ஒவ்வொன்றும் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. பழைய ஃபைல் அட்டையோ கல்யாணப் பத்திரிகை அட்டையோ போதும். ஏ4 அளவு அட்டை 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. இருப்பதால் குறுக்கே 4, நெடுக்கே 5 என்று 20 சதுரம் வரும். இரண்டு அட்டை போதும். ஈர்க்குச்சியும் அட்டையின் பக்கமும் ஒரே நீளமாக இருப்பது முக்கியம். பின்னால் இரண்டையும் ஒப்பிடும்போது அதுதான் கைகொடுக்கும்.

இவற்றோடு 2 மீட்டர் கட்டு நூல், கட்டம் போட்ட நோட்டு, சிவப்பும் பச்சையும் கலர் பென்சில், சாக்பீஸ், ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டை, தையற்கார டேப். நூல் இழுபடாததாக இருக்க வேண்டும். கம்பளி நூலும் எலாஸ்டிக்கும் வேண்டாம். இழுக்கிற இழுப்புக்கு ஏற்ப விடை மாறும்.

ஒரு நாளைக்கு 25 நிமிடம் போதும். கீழே உள்ள படிகள் சுமார் 15 நாளைக்கு வரும். ஒரு படி நிலைக்காமல் அடுத்ததற்குப் போவதைவிட அதே படியில் இன்னொரு நாள் இருப்பது மேல்.

படி 1: எண் இல்லாமல் சுற்றுவதும் பரப்புவதும் (1 நாள்)

முற்றத்திலோ திண்ணையிலோ சாக்பீஸால் ஒரு பெரிய செவ்வகம் போடுங்கள். ஒரு மூலையில் புளியங்கொட்டை ஒன்றை வையுங்கள். பிள்ளை அங்கிருந்து கோட்டின் மேலேயே நடந்து, மறுபடி கொட்டையிடம் வந்து நிற்க வேண்டும். "இப்போது சுற்றினாய்." பிறகு நான்கைந்து பழைய செய்தித்தாளைக் கொடுத்து, கோட்டுக்குள் இடைவெளி இல்லாமல் விரிக்கச் சொல்லுங்கள். "இப்போது பரப்பினாய்."

அப்புறம் கேள்விகள். ஊரணிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவது சுற்றுவதா, பரப்புவதா? திண்ணைக்கு வர்ணம் அடிப்பது? படத்துக்குச் சட்டம் போடுவது? கட்டிலுக்கு விரிப்பு? வாசலில் சாணம் தெளித்து மெழுகுவது? பிள்ளை கையாலேயே காட்டட்டும். சுற்றுவதற்கு ஒரு விரல், பரப்புவதற்கு உள்ளங்கை. இந்தக் கைச்சைகையைக் கடைசி நாள் வரை விடாதீர்கள். குழம்பும்போதெல்லாம் "விரலா, உள்ளங்கையா?" என்று மட்டும் கேட்டால் போதும்.

இங்கே ஒரு நல்ல பொறி இருக்கிறது: கண்டாங்கிச் சேலையின் கரை. கரையின் நீளம் சேலையின் சுற்றளவா என்று கேளுங்கள். ஆமாம் என்று சொல்லத் தோன்றும். ஆனால் கரை ஓடுவது நீளவாட்டின் இரண்டு ஓரத்தில்தான். சுற்றளவு என்றால் நான்கு ஓரமும் வந்து, தொடங்கிய இடத்தில் முடிய வேண்டும். சேலையை விரித்து விரலை ஓட்டிக் காட்டினால் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும்.

படி 2: நூலாலும் ஈர்க்காலும் சுற்றளவு (2 நாள்)

நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தைச் சுற்றி நூலைப் பிடித்து, தொடங்கிய மூலையை அடைந்ததும் வெட்டுங்கள். நூலைத் தரையில் நேராக நீட்டி டேப்பால் அளக்க வேண்டும். வளைந்து சுற்றி வந்த ஓரம் ஒரே நேர்கோடாகிவிட்டது. இதைப் பிள்ளை கண்ணால் பார்ப்பதுதான் இந்தப் படியின் நோக்கம். சுற்றளவு என்பது வெறும் நீளம், அதனால்தான் அதைச் செ.மீ.யில் சொல்கிறோம்.

நூல் மூலையில் வளைந்து வெட்டிப் போகும், அங்கேதான் பிழை வரும். ஒவ்வொரு மூலையிலும் நூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துத் திருப்ப வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் எளிது. ஒருவர் அழுத்தினால் மற்றவர் ஓட்டலாம்.

மறுநாள் ஈர்க்குச்சி. 5 குச்சி நீளம், 2 குச்சி அகலம் வைத்து ஒரு செவ்வகம் கட்டச் சொல்லுங்கள். மொத்தம் 14 குச்சி. அடுத்து 6-க்கு 4, மொத்தம் 20. மூன்று செவ்வகம் முடிந்ததும் நான்காவதைக் கட்டுமுன், "எத்தனை குச்சி எடுத்துத் தரட்டும்?" என்று கேளுங்கள். 7-க்கு 3 என்றால் "ஏழும் மூணும் பத்து, இன்னொரு பத்து, இருபது" என்று ஏதோ ஒரு வகையில் பிள்ளை கணக்கிடும். 7+3+7+3 என்றும் வரலாம், 14+6 என்றும் வரலாம். எதுவும் சரி. 2 × (நீளம் + அகலம்) என்ற வடிவத்துக்கு இப்போதே இழுக்காதீர்கள். பக்கம் பக்கமாகக் கூட்டத் தெரிந்த பிள்ளைக்கு முக்கோணமும் ஐங்கோணமும் வந்தாலும் பயமில்லை. சூத்திரம் மட்டும் தெரிந்த பிள்ளை அங்கே நின்றுவிடும்.

ஒரு முக்கோணத்தையும் ஓர் ஐங்கோணத்தையும் ஈர்க்கால் கட்ட வைப்பது இதற்காகத்தான். முக்கோணத்தின் சுற்றளவு மூன்று பக்கம் சேர்ந்தது, அவ்வளவே.

படி 3: கட்டத்தில் சுற்றளவு, பெரிய குழப்பம் வரும் இடம் (2 நாள்)

இதுவரை குச்சியை எண்ணியவர்கள் இப்போது நோட்டின் கட்டத்துக்கு வருகிறார்கள். இங்கேதான் மிக அதிகமான பிழைகள் வரும். ஆகவே நிதானமாகப் போக வேண்டும்.

கட்ட நோட்டில் 6-க்கு 4 செவ்வகம் வரைந்து சுற்றளவைக் கேட்டால், சில பிள்ளைகள் 16 என்பார்கள். விடை 20. அவர்கள் கோட்டை எண்ணவில்லை, கோட்டை ஒட்டி உள்ளே இருக்கும் கட்டங்களை எண்ணிவிட்டார்கள். ஓரக் கட்டங்கள் 16தான். எப்போதும் 4 குறையும், ஏனென்றால் மூலைக் கட்டம் ஒன்றே இரண்டு பக்கம் ஓரத்தைத் தொடுகிறது. எண்ணும்போது அதை ஒருமுறைதான் எண்ணுகிறோம்.

இதைத் தரையில் காட்டுவது மிக எளிது. பழைய வீட்டுத் தரையைக் கவனித்தால், சுவரோரமாக ஓரக்கல் ஒரு வரிசை ஓடும். நான்கு மூலையிலும் தனி வடிவத்தில் மூலைக்கல் இருக்கும். ஏன் மூலைக்குத் தனிக்கல்? அது இரண்டு சுவரைத் தொடுகிறது, பூவேலை அங்கே திரும்ப வேண்டும். பிள்ளையை மூலைக்கல் மேல் நிற்க வைத்து, "இந்தக் கல்லின் எத்தனை பக்கம் சுவரைத் தொடுகிறது?" என்று கேளுங்கள். இரண்டு. பக்கத்துக் கல்லில்? ஒன்று. நடுக்கல்லில்? ஒன்றும் இல்லை. இதைப் பார்த்த பிறகு கல்லை எண்ணுவதும் கல்லின் பக்கத்தை எண்ணுவதும் வேறு வேறு என்பது மறக்காது.

நோட்டில் இதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவை எண்ணும்போது சிவப்புப் பென்சிலால் கோட்டின் மேலேயே சிறு குறுக்குக் கீறல் போட்டுக்கொண்டு போக வேண்டும். பென்சில் முனை கட்டத்துக்குள் இறங்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான பிழை கோலப்புள்ளியில் வரும். வரிசைக்கு 5 புள்ளி வீதம் 5 வரிசை நேர்ப்புள்ளி வைத்து, ஓரப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்தால் ஒரு சதுரம் வரும். பக்கம் 5 அலகு என்று பிள்ளை சொல்லும். புள்ளி 5, இடைவெளி 4. பக்கம் 4 அலகு, சுற்றளவு 16. நீளம் என்பது புள்ளியில் இல்லை, புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. கோலம் போடத் தெரிந்த பிள்ளை இதை உடனே பிடித்துக்கொள்ளும். ஸ்கேலில் 1-இல் தொடங்கும் பிழையும் இதே குடும்பம்தான்.

படி 4: பரப்பளவு, முதலில் ஏன் சதுரம்? (1 நாள்)

மூன்று நான்கு நாள் சுற்றளவிலேயே இருந்ததால், இன்று சுற்றளவு என்ற சொல்லையே எடுக்காதீர்கள்.

தரையில் 30 செ.மீ.க்கு 20 செ.மீ. செவ்வகம் ஒன்று வரையுங்கள். இதைப் புளியங்கொட்டையால் நிரப்பச் சொல்லுங்கள். ஒருமுறை ஓர் எண் வரும், கலைத்து மறுபடி நிரப்பினால் வேறு எண் வரும். கொட்டைகள் ஒரே அளவில் இல்லை. சரி, ஒரே அளவான 5 ரூபாய் நாணயம்? நடுவில் இடுக்கு விழுகிறது. அந்த இடுக்கை யார் எண்ணுவது? இப்போது சதுர அட்டையைக் கொடுங்கள். ஒரு வரிசைக்கு 6 வீதம் 4 வரிசை, 24 அட்டை, இடுக்கே இல்லை. யார் நிரப்பினாலும், எத்தனை முறை நிரப்பினாலும் 24தான்.

சதுர அலகு என்ற சொல்லை இங்கே சொன்னால் அது உள்ளே போகும். "சதுர செ.மீ. என்றால் பக்கம் 1 செ.மீ. உள்ள ஒரு குட்டிச் சதுரம்" என்று ஒன்றை வெட்டிக் கையில் கொடுங்கள். அதைத் தொட்டுப் பார்க்காத பிள்ளைக்கு "சதுர" என்பது விடைக்குப் பின்னால் ஒட்டும் ஒரு வால் மட்டுமே.

தட்டில் கொட்டி வில்லை போட்ட மைசூர்பாகு இருந்தால் அதுவும் நல்ல பாடம்.

படி 5: எண்ணுவதிலிருந்து பெருக்குவதற்கு (2 நாள்)

இரண்டு மூன்று செவ்வகங்களை முழுக்க நிரப்பி ஒவ்வொன்றாக எண்ண விடுங்கள். அலுப்புத் தட்ட வேண்டும். அந்த அலுப்பிலிருந்துதான் "ஒரு வரிசையில் 6, நாலு வரிசை, இருபத்து நாலு" என்று குறுக்கு வழி பிறக்கும்.

அப்புறம் அட்டையைக் குறைத்துக் கொடுங்கள். 7-க்கு 5 செவ்வகம் வரைந்து, கீழ்வரிசையையும் இடது ஓர வரிசையையும் மட்டும் நிரப்பும் அளவுக்கு 11 அட்டை கொடுக்க வேண்டும். ஓரத்தில் 5, கீழே 7, ஆனால் மூலை அட்டை இரண்டுக்கும் பொது. "மொத்தம் நிரப்ப எத்தனை வேண்டும்?" என்று கேட்டால் சிலர் 11 என்பார்கள், சிலர் 12 என்பார்கள். பார்வை ஓரத்திலேயே நிற்கிறது, வெறுமையாக இருக்கும் நடுப்பகுதியைக் காணவில்லை. அந்த நேரத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். "உள்ளங்கையை வை" என்று மட்டும் சொல்லுங்கள். கை வெறும் இடத்தில் படும். "இரண்டாவது வரிசையில் எத்தனை வரும்? மூன்றாவதில்?" என்று கேட்டால் 5 வரிசை, வரிசைக்கு 7, மொத்தம் 35 என்று பிள்ளையே வந்து சேரும்.

நீளம் × அகலம் என்ற சூத்திரத்தை இந்த இடத்தில் எழுதலாம். எழுதும்போது, ஒரு எண் வரிசையில் உள்ள கட்டம், மற்றது எத்தனை வரிசை என்று சொல்லியே எழுதுங்கள். சதுரத்துக்குத் தனிச் சூத்திரம் வேண்டியதில்லை. அது இரண்டு பக்கமும் ஒன்றான செவ்வகம், அவ்வளவுதான்.

படி 6: இரண்டும் ஒரே படத்தில் (1 நாள்)

கட்ட நோட்டில் செவ்வகம் வரைந்து, ஓரக்கோட்டைச் சிவப்பால் தீட்டி, உள்ளே பச்சையால் நிழலிட வேண்டும். சிவப்பால் "சுற்றளவு 26 செ.மீ." என்றும் பச்சையால் "பரப்பளவு 40 சதுர செ.மீ." என்றும் எழுத வேண்டும். உங்கள் நோட்டில் ஒரு கட்டம் 1 செ.மீ. இல்லாவிட்டால் "அலகு", "சதுர அலகு" என்று எழுதச் சொல்லுங்கள்.

எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். 4-க்கு 4 சதுரத்தை முதலில் எடுக்காதீர்கள். சுற்றளவும் 16, பரப்பளவும் 16. இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். 6-க்கு 3 செவ்வகத்திலும் அப்படியே, இரண்டும் 18. முழு எண் பக்கங்களில் இந்த இரண்டு மட்டுமே இப்படி வரும். பாடம் நிலைத்த பிறகு, "சுற்றளவும் பரப்பளவும் ஒரே எண்ணாக வரும் செவ்வகம் ஏதாவது உண்டா? தேடு" என்று புதிராகக் கொடுத்தால் அருமையான ஒரு மாலைப்பொழுது வேலை. 16 ஈர்க்குச்சியும் 16 அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண் ஒன்றானாலும் பொருள் வேறு என்று காட்டுங்கள்.

படி 7: ஒன்று மாறாமல் மற்றது மாறும் (2 நாள்)

இந்தப் பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் போதவில்லை என்றால் வேறு எதையாவது குறையுங்கள், இதை விட்டுவிடாதீர்கள்.

24 ஈர்க்குச்சியைக் கொடுங்கள். எல்லாக் குச்சியையும் பயன்படுத்தி எத்தனை விதமான செவ்வகம் கட்டலாம்? ஒவ்வொன்றின் உள்ளேயும் எத்தனை அட்டை பிடிக்கும்? கட்டுமுன் ஊகிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் "குச்சி அதேதானே, உள்ளேயும் அதேதான்" என்று விடை வரும். பிறகு செய்து பார்த்து எழுத வேண்டும்:

11-க்கு 1: 11 அட்டை
10-க்கு 2: 20
9-க்கு 3: 27
8-க்கு 4: 32
7-க்கு 5: 35
6-க்கு 6: 36

அதே வேலிக்குள் 11-லிருந்து 36 வரை. ஒல்லியாக இருந்தால் இடம் குறைகிறது, சதுரத்தை நெருங்க நெருங்க இடம் கூடுகிறது. கோழிக்கு வலை கட்டுகிறவருக்கு இது எவ்வளவு பயன்படும் என்று பேசலாம்.

மறுநாள் திருப்பிப் போடுங்கள். 24 அட்டையைக் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து செவ்வகம் அமைக்கச் சொல்லுங்கள். ஒரே வரிசையாக 24 என்றால் சுற்றளவு 50. 12-க்கு 2 என்றால் 28. 8-க்கு 3 என்றால் 22. 6-க்கு 4 என்றால் 20. பரப்பளவு மாறவே இல்லை. 40 குச்சிதான் இருப்பதால் முதல் வடிவத்துக்குக் குச்சி போதாது, அதை எண்ணியே சொல்லட்டும்.

வீட்டில் "நாலு சென்ட் இடம்" என்று பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். 1 சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் சேர்ந்தால் ஒரு ஏக்கர். சென்ட் என்பது பரப்பளவு மட்டுமே. நாலு சென்ட் என்றதும் வேலிக்கு எத்தனை அடி கம்பி வேண்டும் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது, வடிவம் தெரிய வேண்டும். 24 அட்டையை அடுக்கிப் பார்த்த பிள்ளை இதற்குக் காரணத்தோடு விடை சொல்லும்.

படி 8: வெட்டுப்பட்ட வடிவங்கள், ஐந்தாம் வகுப்புக்கு (2 நாள்)

8-க்கு 6 செவ்வகத்தைக் கட்டத்தாளில் வெட்டி எடுங்கள். சுற்றளவு 28, பரப்பளவு 48. ஒரு மூலையிலிருந்து 3-க்கு 2 அளவில் ஒரு துண்டை வெட்டி வீசுங்கள். பரப்பளவு 42 ஆகிறது. சுற்றளவு? "அதுவும் குறையும்" என்பார்கள். நூலால் அளந்தால் அதே 28. வெட்டிப்போன இரண்டு ஓரத்துக்குப் பதில் அதே நீளத்தில் இரண்டு புது ஓரம் உள்பக்கமாக வந்துவிட்டது.

இன்னொரு 8-க்கு 6 செவ்வகத்தில், மூலையை விட்டு, 8 பக்கத்தின் நடுவிலிருந்து 3 அகலம், 2 ஆழத்துக்கு வெட்டுங்கள். பரப்பளவு மறுபடி 42. சுற்றளவு 32! வெட்டினால் சுற்றளவு கூடுகிறது. பள்ளத்தில் இறங்க 2, ஏற 2 என்று விரலை ஓட்டிக் காட்டுங்கள்.

இப்படிப்பட்ட படங்களில் எல்லாப் பக்கத்துக்கும் அளவு கொடுத்திருக்க மாட்டார்கள். எழுதியுள்ள எண்களை மட்டும் கூட்டிவிட்டுப் பிள்ளை நிறுத்திவிடும். இதற்கு மருந்து, கூட்டுமுன் பக்கங்களை எண்ணுவது: "ஆறு பக்கம் இருக்கிறது, ஆறு எண் எழுதியிருக்கிறாயா?"

நடுவில் முற்றம் வைத்த வீடு இதே வகையில் ஒரு படி மேல். தாழ்வாரமும் முற்றமும் சேர்ந்து 30 அடிக்கு 24 அடி, நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் 8 அடி அகலத் தாழ்வாரம் என்று வைத்துக்கொள்வோம். தாழ்வாரத்துக்குக் கல் பதிக்க எவ்வளவு பரப்பு? முற்றம் 22-க்கு 16 என்று பிள்ளை சொன்னால் 8-ஐ ஒரு பக்கம் மட்டும் கழித்திருக்கிறது. இரண்டு பக்கமும் கழிக்க வேண்டும்: 30 − 16 = 14, 24 − 16 = 8. முற்றம் 112 சதுர அடி, மொத்தம் 720, தாழ்வாரம் 608 சதுர அடி. படம் வரையாமல் இந்தக் கணக்கைப் போட விடாதீர்கள்.

படி 9: முக்கோணமும் இலையும் (1 நாள்)

6-க்கு 4 செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம். ஒன்றைத் திருப்பி மற்றதன் மேல் வைத்தால் பொருந்தும். எனவே ஒன்றின் பரப்பளவு பாதி, 12. ஆனால் சுற்றளவு பாதி இல்லை. சாய்வுப் பக்கம் புதிதாகப் பிறந்திருக்கிறது. நூலால் அளந்தால் 7.2 அலகு வரும், மொத்தம் 17.2. சாய்வுக் கோட்டைக் கட்டத்தை எண்ணிச் சொல்லக் கூடாது என்பதும் இங்கே தெரிய வேண்டும். பக்கம் 5 செ.மீ. உள்ள உங்கள் சதுர அட்டையையே மூலைக்கு மூலை அளந்தால் சுமார் 7 செ.மீ. இருக்கும், 5 இல்லை.

பூவரச இலையைக் கட்டத்தாளில் வைத்து ஓரத்தை வரையுங்கள். முழுக் கட்டம் ஒன்று. பாதியும் அதற்கு மேலும் இருந்தால் ஒன்று. பாதிக்குக் குறைந்தால் விட்டுவிடலாம். சுற்றளவுக்கு நூல். சூத்திரம் இல்லாத வடிவத்துக்கும் இரண்டு அளவும் உண்டு என்பது இதில் விளங்கும்.

படி 10: ஓர் அறையை முழுதாகக் கணக்கிடுவது

கடைசிப் பயிற்சியாக ஒரு நிஜ அறை. 12 அடிக்கு 10 அடி அறை, 8 அங்குலக் கல் என்று எடுத்துக்கொள்வோம். 12 அடி என்பது 144 அங்குலம், 8-ஆல் வகுத்தால் 18 கல். 10 அடி 120 அங்குலம், 15 கல். மொத்தம் 270 கல். சுற்றி ஓரக்கல் ஒரு வரிசை வைத்தால்: 18+15=33, இரண்டு மடங்கு 66, மூலைக்கு 4 கழித்தால் 62. உள்ளே 16-க்கு 13, 208 கல். 62-ம் 208-ம் சேர்ந்து 270. விடை தானே சரிபார்த்துக்கொள்கிறது, பிள்ளைகளுக்கு இதில் தனி மகிழ்ச்சி.

சுவரோர ஸ்கர்ட்டிங்குக்கு 44 அடி. 3 அடிக் கதவு ஒன்று இருந்தால் 41. இதில் பரப்பளவுக்கு வேலையே இல்லை.

அதே அறைக்கு 10 அங்குலக் கல் என்றால் ஒரு பக்கம் 14 கல் போக 4 அங்குலம் மிஞ்சும், வெட்டுக்கல் வைக்க வேண்டும். ஒரு வெட்டுக்கு ஒரு கல் என்று வைத்தால் வரிசைக்கு 15, வரிசை 12, மொத்தம் 180 கல். பரப்பளவை மட்டும் வகுத்தால் 172.8 என்று வரும். கொத்தனார் ஏன் கூடுதலாகக் கேட்கிறார் என்பதற்கு இதுவே காரணம்.

அலகு மாற்றத்தில் ஒரு எச்சரிக்கை. 1 அடி 12 அங்குலம் என்பதால் 1 சதுர அடி 12 சதுர அங்குலம் என்று பிள்ளைகள் எழுதுவார்கள். 12-க்கு 12, அதாவது 144. அதே போல 1 சதுர மீட்டர் 10,000 சதுர செ.மீ., 100 அல்ல. 1 அடிச் சதுரத்தைச் செய்தித்தாளில் வெட்டி, ஸ்கேலால் அங்குலக் கட்டம் போடச் சொல்லுங்கள்.

நிலைத்துவிட்டதா என்று பார்க்க

கீழுள்ள நான்கையும் ஒரு வாரம் இடைவெளி விட்டுக் கேளுங்கள். அன்றே கேட்டால் நினைவிலிருந்து சொல்லிவிடும்.

ஒரு செவ்வகத்தின் சுற்றளவு 20. அதன் பரப்பளவு என்ன? (ஒரே விடை சொல்ல முடியாது, 9, 16, 21, 24, 25 எல்லாம் வரலாம் என்று பிள்ளை சொல்ல வேண்டும்.)

பரப்பளவு 36, நீளம் 9. சுற்றளவு? (அகலம் 4, சுற்றளவு 26.)

பக்கம் 3 உள்ள சதுரத்தின் பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் சுற்றளவும் பரப்பளவும் எத்தனை மடங்காகும்? (சுற்றளவு 12-லிருந்து 24, இரண்டு மடங்கு. பரப்பளவு 9-லிருந்து 36, நான்கு மடங்கு. தயங்கினால் அட்டையைக் கையில் கொடுங்கள்.)

தரையில் எல்லா ஓரக்கல்லையும் எண்ணினால் 28 இருந்தது. அறையின் சுற்றளவு எத்தனை கல் நீளம்? (32.)

முதல் கேள்வியில் தடுமாறினால் படி 7-க்குத் திரும்புங்கள். இரண்டாவதில் தடுமாறினால் படி 5-இல் வரிசைக் கணக்கு நிலைக்கவில்லை. மூன்றாவதற்கு, 3-க்கு 3 சதுரத்தையும் 6-க்கு 6 சதுரத்தையும் அட்டையால் அடுக்கி, சின்னது பெரியதற்குள் எத்தனை முறை போகிறது என்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்காவதில் தடுமாறினால் மறுபடி மூலைக்கல் மேல் நிற்க வையுங்கள்.